ஊசி எதற்கு என்று கேள்

பிப்ரவரி 3

தம்பிக்கு அக்கா எழுதுவது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்கலாம் என்றால் உன் மகன் எடுக்கிறான். "அப்பா தூங்குறாரு அத்தை" என்கிறான். காலை பதினொரு மணிக்கு நீ எந்தக் காலத்தில் தூங்கினாய்? அதனால்தான் இதை வீட்டுக்குப் போடாமல் உன் பல்செட் கடைக்குப் போடுகிறேன்.

என் பேத்தி வேலைக்குச் சேர்ந்தாள். நீ ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அதை மறக்கப் போவதில்லை. என் மகள் கல்யாணத்தில் உன் மனைவி சாப்பிடாமல் எழுந்து போனதையே நான் இன்னும் மறக்கவில்லை, அந்த மகளுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது.

நீ செய்து கொடுத்த பல்செட் நன்றாக உழைக்கிறது. அதனால்தான் இவ்வளவு பேச முடிகிறது. முதுகு வலிக்கிறது என்று போன வருடக் கடைசியில் சொன்னாயே, என்ன ஆயிற்று? விவரமாக எழுது. சுருக்கி எழுதினால் கோபம் வரும்.

உன்னை இடுப்பில் சுமந்த அக்கா

பிப்ரவரி 14

அன்பு அக்காவுக்கு, உன் தம்பி. நீயும் உன் முழங்காலும் சீக்கிரம் சமாதானமாகப் போக வேண்டும். பேத்திக்கு என் ஆசி. தாமதம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

முதுகு வலி பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. சிறுநீர் போவதிலும் தகராறு இருந்தது. மகன் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். ரத்தம், ஸ்கேன், சதை எடுத்துப் பார்ப்பது என்று நன்றாக அலையவிட்டார்கள். "வயசானா எல்லாருக்கும் வர்ற வீக்கம்தான்பா" என்றான். மாதம் ஒரு ஊசி போடுகிறார்கள், தொப்புளுக்குப் பக்கத்தில். டாக்டர் அறைக்குள் மகன் போவான். நான் வெளியே பெஞ்சில் இருப்பேன்.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. ஊசி ஆரம்பித்ததிலிருந்து திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது. மார்பில் கிளம்பி, கழுத்தில் ஏறி, மண்டை வரை தீ பிடிக்கிறது. சட்டை நனைந்துபோகிறது. அடுத்த நிமிஷம் குளிர்கிறது. கடையில் பல்செட்டுக்கு மெழுகு உருக்கும் விளக்கைக் குறை சொன்னேன். மின்விசிறியைக் குறை சொன்னேன். எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர், "யார் மேலண்ணே இவ்வளவு சூடு?" என்று கேலி செய்கிறார். போன வாரம் ஒரு அம்மா புதுப் பல்லை மாட்டிக் கண்ணாடி பார்த்துச் சிரித்தாள். நான் அழுதுவிட்டேன். அந்த அம்மா பயந்துபோய் பல்லைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டாள்.

மகன் வெயில் என்கிறான். இங்கே இன்னும் போர்வை போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறோம்.

உன் தம்பி

பிப்ரவரி 20

தம்பிக்கு, அக்கா. முழங்காலை விடு. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கீழேயிருந்து ஏறும் சூடு, நனைந்த துணி, அப்புறம் குளிர், காரணமில்லாத அழுகை. டேய், இது எனக்கு நன்றாகத் தெரிந்த சரக்கு. மாதவிலக்கு நின்ற சமயத்தில் எனக்கு வந்ததே இதுதான். "அடுப்ப உள்ளயே வச்சிருக்கியா?" என்று உன் அத்தான் சிரித்தார், அதையும் மறக்கவில்லை. நம் அம்மாவுக்கு வந்தபோது தண்ணீர்த் தொட்டியில் முகத்தை முக்கிக்கொண்டு நிற்பாள். நீ அப்போது சின்னப் பையன்.

ஆம்பளைக்கு இது ஏன் வர வேண்டும்? வெறும் வீக்கத்துக்குப் போடும் ஊசி ஒரு ஆம்பளையை இந்தப் பாடு படுத்துமா? நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எனக்குப் பதில் தெரியாது, கேட்க மட்டும் தெரியும். அடுத்த தடவை போகும்போது ஊசி எதற்கு என்று கேள். மகனிடம் கேட்காதே, ஊசியைக் கையில் வைத்திருப்பவரிடம் கேள். பெஞ்சில் உட்காராதே. ஊசி உன் வயிற்றில்தானே இறங்குகிறது, அவன் வயிற்றில் இல்லையே.

கேட்டதும் எழுது.

அக்கா

மார்ச் 10

மதிப்பிற்குரிய அத்தைக்கு, உங்கள் மருமகன் எழுதுவது. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவின் கடை மேசையில் உங்கள் கடிதம் கிடந்தது. படித்தது தப்புதான். படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்பாவுக்கு வந்திருப்பது வீக்கம் இல்லை அத்தை. புரோஸ்டேட் புற்றுநோய். முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவிவிட்டது. முழுக்கக் குணமாகாது, அடக்கி வைக்கலாம் என்கிறார் டாக்டர். அந்த ஊசி ஆண்மைச் சுரப்பை நிறுத்துகிறது. நோய் அதைத் தின்றுதான் வளருமாம். சூடும் அழுகையும் அதனால் வருபவை.

அடுத்து கீமோ மருந்தை டிரிப்பில் ஏற்ற நான் சம்மதம் சொல்லியிருக்கிறேன். அதையும் சத்து மருந்து என்று சொல்லித்தான் ஏற்றப்போகிறோம். நானும் அம்மாவும் சேர்ந்து எடுத்த முடிவு. அப்பா தாங்க மாட்டார். வாடிக்கையாளர் யாராவது இறந்தாலே ராத்திரி சாப்பிட மாட்டார், உங்களுக்குத் தெரியும்.

தயவுசெய்து அவருக்கு இப்படி எழுதுங்கள்: ஆண்களுக்கும் வயதானால் சூடு வரும், விசாரித்துவிட்டேன், கவலைப்படாதே. நீங்கள் ஒரு வரி எழுதினால் நம்பிவிடுவார்.

தங்கள் அன்புள்ள மருமகன்

மார்ச் 15

மருமகனுக்கு அத்தை எழுதுவது. சுகம் விசாரிக்க இப்போது மனசு இல்லை.

நீ நல்ல பிள்ளை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நல்ல பிள்ளைகள்தான் இந்தக் காரியத்தைச் செய்கிறார்கள்.

உன் மாமாவுக்கு வியாதி வந்தபோது அவருடைய அண்ணன் டாக்டரிடம், "அவன்கிட்ட சொல்லாதீங்க, பயந்துருவான்" என்றார். என்னிடமும் சொல்லவில்லை. சொன்னால் நான் அவரிடம் சொல்லிவிடுவேனாம். அந்த ஒரு கணக்கு மட்டும் சரியாகப் போட்டிருந்தார். மாமா லாரி ஓட்டியவர். பிரேக் போன லாரியை இறக்கத்தில் நிறுத்திவிட்டு, இறங்கி பீடி பற்றவைத்தவர். அவர் பயப்படுவாராம். ஒவ்வொரு மாத்திரையையும் உள்ளங்கையில் வைத்து "இது எதுக்கு?" என்று கேட்பார். சத்துக்கு என்பார்கள். சத்து மாத்திரை தின்றுகொண்டே மனிதர் பாதியாக இளைத்தார். சாவதற்கு முந்தின வாரம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு போய் போட்டோ எடுத்துக்கொண்டார். இப்போது சுவரில் மாட்டியிருப்பது அந்தப் போட்டோதான். அந்த அண்ணனோடு இன்றுவரை எனக்குப் பேச்சு கிடையாது.

நீ கேட்ட வரியை நான் எழுத மாட்டேன். நீயே போய் அப்பாவிடம் சொல். இந்த மாதம் முடிவதற்குள் சொல்லாவிட்டால் பஸ் ஏறி வந்து நானே சொல்லுவேன். வந்தால் உங்கள் வீட்டில்தான் தங்குவேன். இதை உன் அம்மாவிடம் படித்துக் காட்டு. அவளே உன்னைச் சொல்லச் சொல்லி அனுப்புவாள்.

அத்தை

ஏப்ரல் 4

அன்பு அக்காவுக்கு, தம்பி. நீ அவனுக்கு எழுதியதை மகன் இப்போதுதான் காட்டினான். நீ பஸ் ஏற வேண்டாம். எனக்குத் தெரிந்துவிட்டது.

மகன் இரண்டு மூன்று தடவை கடைக்கு வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். ஊசி நாள் வந்தது. நர்ஸ் மருந்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "இது எதுக்கும்மா?" என்றேன். அவள் என் மகனைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே பாதி புரிந்துவிட்டது. சட்டையைக் கீழே இழுத்துவிட்டேன்.

"சொன்னாத்தான் போட்டுக்குவேன்."

"அப்பா, பேசாம இருங்களேன்" என்றான் மகன்.

"இத்தன நாள் பேசாமத்தானடா இருந்தேன்."

டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான். "திரும்பிப் பாருடா, இங்கதான் உட்கார்ந்திருக்கேன்" என்றேன். அன்று ஊசி போட்டுக்கொண்டேன். தெரிந்து போட்டுக்கொண்ட முதல் ஊசி.

வீட்டுக்கு வந்த பிறகு நான் எப்படி இருந்தேன் என்பதை எழுதவில்லை.

டிரிப்புக்கு நாள் குறித்திருந்தார்கள். "முதல்ல எனக்குச் சொல்லிக்குடுங்க, அப்புறம் ஏத்துங்க" என்று சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமைகளில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு நர்ஸ் பாடம் நடத்துகிறாளாம். சேர்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தைக் கண்டால் ஓடியவனை இந்த வயதில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாய்.

தம்பி

ஏப்ரல் 10

என் தங்கத் தம்பிக்கு, அக்கா. உன் கடிதம் வந்த அன்று நான் சமைக்கவில்லை. அதற்கு மேல் நானும் எழுதவில்லை.

சட்டையைக் கீழே இழுத்துவிட்டாய் என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன், முழங்கால் இருப்பதே மறந்துபோய். உன் அத்தானுக்கு அந்தச் சட்டையைக் கீழே இழுக்க யாரும் சொல்லித் தரவில்லை.

பாடத்தில் எல்லாவற்றையும் கேள். கூச்சப்படாதே. கேட்டுவிட்டு, இருப்பதிலேயே கெட்டியான மருந்தாக வாங்கிக்கொள். டிரிப்தான் கெட்டி என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள். மகனைத் திட்டு, ஆனால் ஒரு வாரத்தோடு நிறுத்திக்கொள். உன் மனைவியைத் திட்ட வேண்டுமென்றால் எனக்கு எழுது, நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

மே 6

அன்பு அக்காவுக்கு, தம்பி. உன் முழங்காலுக்கு என் வணக்கம்.

பாடம் மூன்றாவது மாடியில், மருந்து அட்டைப்பெட்டிகள் அடுக்கிய அறையின் ஓரத்தில் நடக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் கிழவர்கள் நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மனைவிமார்தான் கேள்வி கேட்பார்கள். அந்த நர்ஸிடம் ஒரு பழக்கம். சொல்லி முடித்ததும், "இப்ப நீங்க உங்க வார்த்தையில எனக்குச் சொல்லுங்க" என்பாள். ஒரு தபால்காரர் "புரிஞ்சுதும்மா" என்று தலையாட்டினார். "அந்தப் புரிஞ்சதத்தான் கேக்கறேன் ஐயா" என்றாள். விடுவதாக இல்லை.

என் முறை வந்தது. "ஊசி நோயக் கொன்னுடும். கொஞ்ச நாள்ல நிறுத்திரலாம்" என்றேன்.

"இல்லீங்க ஐயா. கொல்லாது, பட்டினி போடும். நிறுத்தினா எழுந்துக்கும். நிறுத்தாமப் போட்டாலும், ஒரு நாள் அது பட்டினியிலயே பிழைக்கக் கத்துக்கும். அந்த நாளத் தள்ளிப்போடத்தான் கூட இன்னொரு மருந்து."

அந்த இன்னொரு மருந்தில் இரண்டு வழி. ஒன்று டிரிப். மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக ஆறு தடவை, அதோடு முடிந்தது. முடி கொட்டும், உடம்பு அசந்துபோகும், காய்ச்சல் வந்தால் உடனே ஓட வேண்டும், விரல் நுனி மரத்துப்போகலாம். சிலருக்கு அது சரியாகிவிடும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும். மற்றது மாத்திரை. தினமும், விடாமல். ரத்த அழுத்தமும் ஈரலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊசிக்குப் பதிலாக ஒரே தடவையில் முடிகிற ஆபரேஷன் ஒன்றும் இருக்கிறது. அதை அக்காவுக்கு எழுத முடியாது.

"டிரிப்பா மாத்திரையா, எதும்மா பெருசு?" என்றேன். "ரெண்டும் ஆயுளக் கூட்டும். உங்க உடம்புக்கு ரெண்டுமே தோதுன்னு டாக்டர் எழுதியிருக்கார். எத விட்டுக்குடுக்க முடியாதுன்னு நீங்கதான் எங்களுக்குச் சொல்லணும்" என்றாள்.

அக்கா, பல்செட்டின் உள்பக்கத்தில் கடுகில் பாதியளவு முள் நின்றாலும் ஈறு புண்ணாகிவிடும். அது கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனியை வைத்துத் தடவினால்தான் தெரியும். நான் செய்கிற வேலையே அந்தத் தடவல்தான், மற்றதை யார் வேண்டுமானாலும் செய்வார்கள். விரல் மரத்துப்போனால் நான் கடையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள்.

"விரலா முக்கியம், உயிரா முக்கியம்?" என்று மகன் கத்தினான். "உயிர வச்சுக்கிட்டு நாள் முழுக்க நான் என்னடா பண்றேன், அதச் சொல்லு" என்றேன்.

மாத்திரை போதும் என்று நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

தம்பி

மே 12

தம்பி என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு,

நீ எழுத முடியாததை மருந்துக்கடைப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். காளைக் கன்றுக்குச் செய்கிற காரியம். இதற்கா கூச்சம்? உன்னைக் குளிப்பாட்டித் துடைத்து வளர்த்தவளுக்குத் தெரியாத சொத்தா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரையாம். உன் அத்தானும் மாத்திரைதான் தின்றார். கடைசி நாள் வரை வேளை தவறாமல் தின்றார். அதன் பலன் சுவரில் தொங்குகிறது.

இதற்காகவா உன் மகனோடு சண்டை போட்டேன்? அவன் பேசாமல் டிரிப்பை ஏற்றியிருப்பான். நான் குறுக்கே புகுந்து, உன்னைக் கேட்க வைத்து, நீ கேட்டுவிட்டு இந்த முடிவுக்கு வந்து நிற்கிறாய். ஊரில் உள்ளவர்கள் எல்லாம் பொக்கை வாயோடு திரியட்டும். எனக்கு உன் விரல் வேண்டாம், நீ வேண்டும்.

டிரிப் ஏற்றிக்கொள்கிறேன் என்று எழுது. அதுவரை என்னிடமிருந்து உனக்குக் கடிதம் கிடையாது. நான் சொன்னால் சொன்னதுதான், அது உனக்கே தெரியும்.

அக்கா

மே 19

கோபமாக இருக்கும் அக்காவுக்கு, தம்பி. கோபம் உன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும், அதனால் நலம் விசாரிக்கவில்லை.

அத்தானுக்கு அந்த மாத்திரையின் பேரே தெரியாது. என் மாத்திரையின் பேர் எனக்குத் தெரியும். ஏன் வெறும் வயிற்றில் போட வேண்டும், எது நடந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், இது தோற்றுப்போனால் அடுத்து என்ன என்பதும் தெரியும். அப்போது உடம்பில் தெம்பிருந்தால் அந்த டிரிப்பையே ஏற்றலாம். அந்தக் கதவைச் சாத்திவிடவில்லை. தெம்பிருக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

கேள் என்று நீ சொன்னாய், கேட்டேன். கேட்டுவிட்டு உனக்குப் பிடித்ததைத்தான் சொல்ல வேண்டும் என்று நீ எழுதவில்லையே அக்கா. அதையும் சேர்த்து எழுதியிருந்தால் உனக்கும் என் மகனுக்கும் என்ன வித்தியாசம்?

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

தம்பி

ஜூலை 8

அன்பு அக்காவுக்கு, தம்பி. உன் பேச்சை நீ காப்பாற்றுகிறாய். இரண்டு மாதமாகத் தபால்காரனைப் பார்த்தாலே எழுந்துவிடுகிறேன்.

ரத்தத்தில் பார்க்கிற நோயின் அளவு நன்றாக இறங்கியிருக்கிறது. டாக்டர் திருப்தி என்றார். என் மகன் இப்போது என்னோடு அறைக்குள் வருகிறான். டாக்டர் அவன் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தால், "அப்பாகிட்ட சொல்லுங்க சார்" என்கிறான். சூடு இன்னும் வருகிறது. பாடத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நானே அதைப் பற்றிப் பேசுகிறேன். "எங்க அக்காவுக்கு ஐம்பது வயசுல வந்தது, எனக்கு இப்ப வந்திருக்கு" என்றால் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து சிரிக்கிறார்கள். அப்புறம் அவர்களும் வாய் திறக்கிறார்கள்.

கடைக்கு மதியம் வரை போகிறேன். உன் தம்பி மனைவி உன்னை விசாரித்தாள். நம்ப மாட்டாய், நிஜம்.

தம்பி

ஆகஸ்ட் 27

தம்பிக்கு அக்கா எழுதுவது. முழங்கால் மோசம். நீ டிரிப் ஏற்றிக்கொள்ளவில்லை, நானும் எழுதுவதாக இல்லை. எழுத வைத்தது என் சம்பந்தியம்மா.

நேற்று வந்திருந்தாள். வந்ததும் உட்கார்ந்துகொண்டு, "உங்க தம்பி பெரிய வைத்தியம் வேண்டாம்னுட்டாராமே. பயந்துட்டாரு போல. பாவம், விவரம் தெரியாதவரு. நீங்களாவது அதட்டி ஏத்த வச்சிருக்கக் கூடாதா?" என்றாள். இந்த மூன்று மாதமாக நான் மனசுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்ததும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகள்தான். அவள் வாயிலிருந்து அது வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டது.

"விவரம் தெரியாதவனா? என்ன வியாதி, எங்கெங்க பரவியிருக்கு, எந்த மருந்து எதக் குடுக்கும், எதப் பிடுங்கும், எல்லாத்தையும் கேட்டு, கேட்டத வாத்தியாரம்மாகிட்ட ஒப்பிச்சு, அப்புறம் கையெழுத்துப் போட்டவன் அவன். பயந்தவன் இதச் செய்வானா? அவன் முடிவுல குறை சொல்ல எனக்கே பாத்தியதை இல்ல. உங்களுக்கு எங்கேருந்து வந்துது?" என்றேன். காபியைக் குடிக்காமல் போய்விட்டாள். அவள் பங்குக்கு அவளும் இதை மறக்க மாட்டாள், போகட்டும்.

அவளிடம் அப்படிச் சொன்னேன் என்பதற்காக உன் மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. உன் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. சாகும்வரை பிடிக்காது. ஆனால் அது உன் முடிவு. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன்.

ஒன்று மட்டும் பாக்கி. ஜூலைக் கடிதத்தில் ரத்தத்தில் அளவு இறங்கியது, மகன் திருந்தியது, உன் மனைவி என்னை விசாரித்தது என்று எல்லாம் எழுதியிருக்கிறாய். முதுகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைக்கு மதியம் வரைதான் போகிறாய், ஏன் என்று இல்லை. அக்கா பயந்துவிடுவாள் என்றுதானே? மே மாதம் நீ என்னிடம் கேட்ட அதே கேள்வியை இப்போது நான் உன்னிடம் கேட்கிறேன்: உனக்கும் உன் மகனுக்கும் என்ன வித்தியாசம்?

வலித்தால் வலிக்கிறது என்று எழுது. நான் தாங்குவேன். தாங்காவிட்டாலும் எழுது.

அக்கா